17 மணி நேரம் என்று எண்ணினேன்



பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் உலகப்படத்தில் கோடிழுத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. பூகோள உருண்டையில் இவ்விரு பட்டணங்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது வடதுருவத்தை நோக்கி ஏறி இறங்கும். ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று, பெண் விமானிகளே செலுத்த, அவ்வழியே இடைநில்லாமல் பறந்து வந்தது. சனிக்கிழமை இரவு அங்கே ஏறியவர்கள் திங்கட்கிழமை அதிகாலையில் பெங்களூரில் இறங்கினார்கள். ஆகாயத்தில் இருந்தது 17 மணி நேரந்தான். மீதி கடிகார வித்தியாசம். (ஞாயிறு ஆராதனை எங்கே போயிற்று என்று நம் மூப்பர்கள் கேட்பார்கள்!)

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பதற்கில்லை. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாய்ச் சென்ற விமானத்தை 2016 அக்டோபரில் பசிபிக் வழியாய்த் திருப்பினார்கள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் கூடிற்று; நேரமோ குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக்காற்று பின்னின்று தள்ளியதே காரணம். எதிர்க்காற்று பயணத்தை என்ன செய்யும் என்பதை அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் வாசித்தவர்கள் அறிவார்கள்.

இக்கணக்குகளை நான் கற்றது தாமதமாகத்தான். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு டிசம்பரில், எங்கள் சபையின் விதவைத் தாயார் ஒருவர் செவ்வாய் காலை 6 மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஒரே மகன் சான்பிரான்சிஸ்கோவில். அங்கே அப்போது திங்கள் மாலை 4.30. "இன்றிரவே புறப்படுகிறேன், பாஸ்டர்" என்றார். 17 மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணி, புதன் காலை 11 மணிக்கு அடக்க ஆராதனை என்று அறிவித்தேன்.

நேர் விமானத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நம் கணக்கில் செவ்வாய் காலை 10.30-க்கு ஏறியவர், நடுவழியில் 5 மணி நேரம் காத்திருந்து விமானம் மாறி, புதன் பகல் 11.30-க்குத் தேவனஹள்ளியில் இறங்கினார். சேலத்திலிருந்து வந்த உறவினர் இரயிலுக்கு நேரமாயிற்று என்றார்கள், நானும் இசைந்தேன். அவர் கல்லறைத்தோட்டத்திற்குப் பெட்டியோடு வந்தபோது மணி 1.30. மண் மூடியாயிற்று. என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. "அம்மாவின் தலைமாடு எந்தப் பக்கம், பாஸ்டர்?" என்று மாத்திரம் கேட்டார்.

இப்போது பயணச்சீட்டைப் பார்க்காமல் நேரம் குறிப்பதில்லை. வந்திறங்கும் நேரத்தை இந்திய நேரப்படி எழுதச் சொல்லி, குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் சாலை நெரிசலுக்கும் 3 மணி நேரம் கூட்டுகிறேன். ஃப்ரீசர் பெட்டி இன்னொரு நாள் தாங்கும். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ சரியாக உள்ளதா என்று பெற்றோர் சுகமாயிருக்கும்போதே கேட்டுவையுங்கள்.

சென்ற மாதம் வேறொரு வீட்டில் மகளுக்காக மறுநாள் மாலை 4 மணிவரை காத்திருந்தோம். உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் 3.40-க்கு வந்தாள்.