தகரத்துக்கும் தலைக்கும் இடையே

வெயிற் காலத்தில் நம் ஊருக்கு வரும் உறவினர், "மலைநாட்டிலும் இவ்வளவு புழுக்கமா?" என்று வியப்பதுண்டு. நுவரெலியாவை மனத்தில் வைத்துக்கொண்டு பதுளைக்கு வருவோர்க்கு அவ்வியப்பு இயல்பே. பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்திருக்கிறது. ஆனி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி, ஈரம் இழந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தமுற்றுச் சூடேறுகிறது. கச்சான் என்று நாம் அழைக்கும் இந்தக் காற்று வீசும் மாதங்களிலேதான் ஊவாத் தேயிலைக்குச் சிறப்பான மணம் வாய்க்கிறது. அதே மாதங்களின் பிற்பகல்களில் தகரக் கூரையின் கீழ் இருப்போர் படும் பாட்டைத் தேயிலை ஏலத்தில் எவரும் கணக்கிடுவதில்லை. இவ்வாரம் அந்தத் தகரத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நெளிதகரம் நம் நாட்டுப் பொருளன்று. 1829ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி ரொபின்சன் பாமர் என்னும் பொறியியலாளர் அதற்கு உரிமம் பெற்றார். 1837இல் பிரான்சு நாட்டில் இரும்புக்கு நாகப் பூச்சு இடும் முறை உரிமம் பெற்றபின், துருவை நெடுநாள் தாங்கும் கூரைத் தகரம் உலகெங்கும் பரவலாயிற்று. பாரம் குறைவு, அடுக்கி ஏற்றலாம், ஓட்டைப் போல் உடையாது, நான்கு ஆணியில் கூரை முடிந்துவிடும். தோட்டங்களை அவசரமாகத் திறந்தவர்களுக்கு இதைவிட வாய்ப்பான பொருள் கிடைத்திருக்க முடியாது. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்த தொழிலாளர் குடியிருப்புகள் நாளடைவில் கற்சுவரும் தகரமும் கொண்ட நீண்ட லயங்களாயின. 1924ஆம் ஆண்டு பதுளைக்கு இரயில் வந்து சேர்ந்தபின், தகரக் கட்டுகளை இவ்வளவு தூரம் கொண்டுவருவது இன்னும் எளிதாயிற்று.

தகரம் மழையைத் தடுத்தது. தீப்பொறிக்கு அஞ்சாமல் இருக்க வைத்தது. ஆயினும் புற்கூரை செய்துவந்த ஒரு வேலையைத் தகரம் செய்யவில்லை. மானாப்புல்லோ, யாழ்ப்பாணத்தார் வேயும் கிடுகோ, தன் இழைகளுக்கிடையே அசையாத காற்றை அடைத்து வைத்திருக்கும். அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். இரும்போ அதைவிட ஏறத்தாழ 2000 மடங்கு எளிதாகக் கடத்தும். எனவே புல்லை நீக்கித் தகரத்தைப் போட்ட அன்றே, வெயிலுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த திரை விலகிவிட்டது எனலாம்.

மாணவர்கள் இதனை ஒரு சிறு பரிசோதனையால் அறியலாம். வகுப்பில் நான் செய்து காட்டுவது இதுதான். இரண்டு வெறும் பாற்பேணிகளில் ஒரே அளவு கொதிநீரை ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் சாக்குத் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டையும் மட்டையால் மூடி வைக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் சாக்குச் சுற்றிய பேணி நன்றாகச் சுடும். மற்றது ஆறத் தொடங்கியிருக்கும். ஒருமுறை தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், "ஐயா, சாக்கு சூட்டைக் கொடுக்கிறதா?" என்று கேட்டான். "கொடுப்பதில்லை; உள்ளதைப் போகவிடாமல் தடுக்கிறது. பனிக்கட்டியைச் சுற்றினால் வெளிச் சூட்டை உள்ளே விடாமலும் தடுக்கும்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் எங்கள் லயத்துக் கூரைக்கும் ஒரு சாக்கு வேண்டும், ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வெப்பத்துக்குக் காவலி இடுதல் என்று நூல்கள் விரித்துரைப்பதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

செல்வ நாடுகளில் இந்த அறிவு எதுவரை சென்றிருக்கிறது தெரியுமா? மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டிலின் கதவு வரை சென்றிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பப் பகுதிகளில் அத்தகைய கதவை ஒற்றைத் தகட்டால் மட்டும் செய்வதில்லை. இரண்டு மெல்லிய உருக்குத் தகடுகளுக்கு நடுவே பொலியூரித்தேன் நுரையை நிரப்பிய கதவுகளும் அங்கு விற்பனையாகின்றன. நுரையில் உள்ள எண்ணற்ற நுண்குமிழிகள் வாயுவை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன. இதனால் கொட்டிலை ஒட்டிய அறை குளிர்ச்சியாக இருக்கிறது. குளிரூட்டும் இயந்திரத்தின் வேலை குறைகிறது. மிகுவெப்பத்தால் ஆயுள் குறையும் மின்கலம் போன்ற பொருள்களும் நெடுநாள் உழைக்கின்றன.

நம் நகரத்திலும் வீட்டோடு சேர்த்துக் கொட்டில் கட்டி, மேற்குப் பார்த்த வாசலுக்கு இரும்புச் சுருள்கதவு போடுவோர் பலர். மாலை வெயில் நேராக விழும் அக்கதவு அடுத்த அறையைச் சூளையாக்கிவிடும். விலையுயர்ந்த கதவை வாங்க இயலாதவர் வாசலுக்கு முன்னே ஒரு பந்தலோ தாழ்வாரமோ இறக்கி, கதவின் வெளிப்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசினாலே நல்ல பயன் காணலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இடுக்கெல்லாம் அடைத்த கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட்டு வாயு ஆளைக் கொல்லும். காவலி இட்ட இடத்துக்குக் காற்றோட்டமும் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வண்டிக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் மனிதருக்குக் கிடைத்திருக்கிறதா? பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்கிறது. ஒரு கதவும் சிறியதொரு சன்னலும் இருக்கும். மேலே பார்த்தால் வெறுந் தகரம். பளபளக்கும் புதுத்தகரம் வெயிலில் ஒரு பகுதியையாவது திருப்பி அனுப்பும். துருவேறிய தகரமோ பெரும்பகுதியைத் தானே விழுங்கும். உச்சி வெயிலில் அதன் சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். நம் உடலின் வெப்பமோ 37 பாகைதான். ஆகவே தலைக்குச் சில அடி உயரத்தில் பெரியதோர் அடுப்பைக் கவிழ்த்து வைத்தாற்போல அது கதிர்வீசிக்கொண்டிருக்கும். பாடசாலை விட்டு வரும் பிள்ளை புத்தகத்தை விரிக்கும் வேளையும் அதுவே. காலை முழுதும் மலையில் கொழுந்து பறித்த தாய் சிறிது சாய எண்ணும் வேளையும் அதுவே. படிப்பில் நாட்டமில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் எதன் கீழ் இருந்து படிக்கிறான் என்று நாம் பார்க்க வேண்டாமா?

இரவில் கதை தலைகீழாகிறது. அப்புத்தளை, பண்டாரவளை போன்ற உயர்ந்த இடங்களில் வானம் தெளிந்த இரவுகளில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அடுப்புப் புகையும் மூச்சின் ஈரமும் அதன் அடிப்புறத்தில் பட்டு நீராகிச் சொட்டும். 'தகரம் வியர்க்கிறது' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பகலில் சூட்டை உள்ளே விட்ட அதே குறை இரவில் சூட்டை வெளியே விடுகிறது. எனவே ஒரே மருந்து இரண்டு நோய்க்கும் ஆகும்.

அம்மருந்து பெருஞ்செலவு பிடிப்பதன்று. முதலாவது, வெள்ளைப் பூச்சு. இந்தியாவில் அகமதாபாத் நகரம் 2013ஆம் ஆண்டில் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் முற்பட்டது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் நாம் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாகாது. அது மழையில் உதிர்ந்துவிடும்; ஈரச் சுண்ணாம்பு நாகப் பூச்சையும் அரிக்கும். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, உலோகத்துக்குரிய வெள்ளை வர்ணத்தைப் பூசுவதே முறை. அஸ்பெஸ்டஸ் தகடாயின் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. எவ்வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இரண்டாவது, உட்கூரை. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியாவது விட்டுப் பலகையோ மூங்கிற்பாயோ அடித்து, இரு முனையிலும் காற்றுப் போக வழி வைத்துக் கம்பிவலை இட்டுவிட்டால், சூடேறிய காற்று வெளியேறும்; கதிர்வீச்சும் நம் தலைமேல் நேராக விழாது. கடைகளில் விற்கும் வெள்ளித்தாள் பதித்த விரிப்பைக் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே, பளபளக்கும் பக்கம் இடைவெளியை நோக்க விரித்தால் இன்னும் நன்று. மேற்குச் சுவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு மேரக்காய்ப் பந்தல் போட்டால் நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விலை மலிவு என்று றெஜிபோம் அட்டைகளை அடுப்புள்ள காம்பராவின் மேலே அடிப்பது ஆபத்து. அது விரைவில் தீப்பற்றி நச்சுப் புகை விடும். லயத்தில் தீப்பிடித்துப் பல குடும்பங்கள் ஒன்றாக வீடிழந்த செய்திகளை வாசகர் பலமுறை படித்திருப்பீர்கள். நடுச்சுவர் தகரம் வரை எழாத லயங்களில் நெருப்பு கூரைவழியே காம்பராவுக்குக் காம்பரா ஓடிவிடுகிறது. உட்கூரை அமைப்பவர்கள் முதலில் நடுச்சுவரை உயர்த்திவிட்டே அப்பணியைத் தொடங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் செய்வது? 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், தன் தலைக்கு மேலுள்ள கூரை தனக்குச் சொந்தமில்லை என்னும் நிலையில் ஒரு தொழிலாளி அதற்குச் செலவு செய்யத் தயங்குவது குற்றமாகாது. எனவே இது தனிமனிதரின் சிக்கனப் பிரச்சினை மட்டுமன்று. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கென மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு என்பது நம் மக்கள் நெடுங்காலம் கேட்ட உரிமை. அவ்வீடுகளுக்கும், காற்றில் பறந்த பழைய லயத்துக்குப் போடும் புதுக்கூரைக்கும் உட்கூரையைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது நம் தோட்டங்களில் எளிதில் வந்து சேர்ந்ததில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பாடசாலையில் ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி, ஏழு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மரநிழலில் ஒருமுறையும், உங்கள் காம்பராவின் உள்ளே ஒருமுறையும், உட்கூரையுள்ள வீடு அருகில் இருந்தால் அங்கு ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல்கள் போதும். அத்தாளை உங்கள் ஆசிரியரிடமும், தோட்டத்துச் சங்கத் தலைவரிடமும், வீடமைப்பு அலுவலர் வரும் நாளில் அவரிடமும் காட்டுங்கள். 'வெக்கை தாங்கவில்லை' என்று சொன்னால் கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போகலாம். ஏழு நாட் கணக்கை எழுதிக் கையில் கொடுத்தால், அவர் அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.