கதிரவன் கொடையும் அரசின் கடமையும்

உலகில் உயிர்கள் வாழ்வதற்குக் காரணமாய் விளங்குவது கதிரவனின் ஒளியேயாகும். பயிர் தழைப்பதும், கடல்நீர் முகிலாகி மழையாய்ப் பொழிவதும், காற்று வீசுவதும் அவ்வொளியின் ஆற்றலாலேயே நிகழ்கின்றன. இவ்வுண்மையை உணர்ந்த தமிழ் உழவர், தைத்திங்கள் முதல் நாளில் புத்தரிசிப் பொங்கலிட்டுக் கதிரவனுக்கு நன்றி செலுத்துகின்றனர். நெல்லை விளைவிக்கும் அவ்வொளி, வீட்டுக் கூரையில் மின்சாரத்தையும் விளைவிக்க வல்லது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கானால் ஆகிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். அதன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கே மின்சாரமாயிற்று. இன்று மக்கள் ‘சோலார் பேனல்’ என வழங்கும் தகடுகளோ நூற்றுக்கு 20 பங்கு வரை மாற்றித் தருகின்றன. அதனை விஞ்சுவனவும் உள.

எனினும், வெயில் மிகுந்த நாடுகளெல்லாம் இத்துறையில் முந்திக்கொண்டன என்று கருதுதல் தவறாகும். ஜெர்மனி குளிரும் மேகமூட்டமும் மிக்க நாடு. அங்கே ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரமே தரும். தமிழ்நாட்டிலோ அதே தகடுகள் 1,400 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அங்ஙனமிருந்தும், கூரைதோறும் மின்சாரம் விளைவிக்கும் வழியை உலகுக்குப் பெருமளவில் காட்டிய நாடு ஜெர்மனியேயாகும். இதற்குக் காரணம் யாது? அந்நாடு இயற்றிய சட்டமே காரணம்.

சூரிய மின்சாரத்திற்குச் சட்டத்தின் துணை ஏன் வேண்டும் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். நிலக்கரியால் மின்சாரம் ஆக்குவோர் நாள்தோறும் கரி வாங்கி நாள்தோறும் செலவு செய்வர். கதிரவனோ விலை கேட்பதில்லை. ஆனால் தகடுகளை அமைக்கும் செலவு முழுவதும் முதல் நாளிலேயே வந்து நிற்கின்றது. பயன், பின்வரும் இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கிடைக்கின்றது. நல்ல நிலமும் பருவமழையும் இருந்தும், விதைநெல் வாங்கப் பொருளில்லாத உழவனின் நிலையே, கூரையிருந்தும் கைப்பொருள் இல்லாத குடும்பத்தின் நிலையாகும். அத்தகைய குடும்பத்திற்குத் தேவையானவை இரண்டு. முதற்செலவின் சுமை குறைதல் வேண்டும். விளைவித்த மின்சாரத்திற்கு நிலையான விலை கிடைக்கும் என்னும் உறுதி வேண்டும். முன்னதை வரிச்சலுகையும் மானியமும் தரும். பின்னதைச் சட்டம் ஒன்றே தரும்.

ஜெர்மனியில் 1991-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், சிறு உற்பத்தியாளரின் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கியே தீர வேண்டும் என்று விதித்தது. அவ்விலை காற்றாலைகளுக்குப் போதுமானதாயிற்று. சூரியத் தகடுகளுக்குப் போதவில்லை. பின்னர் ஆகன் என்னும் நகரம், அமைப்புச் செலவை ஈடுசெய்யும் விலையை 20 ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்தது. ஒரு நகரம் மேற்கொண்ட இம்முயற்சி, நாடு முழுமைக்கும் வழிகாட்டியாயிற்று. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சூரிய மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு 99 பென்னிக் விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. காலந்தாழ்த்தி அமைப்போருக்கு விலை ஆண்டுதோறும் குறையும் என்றும் விதித்தது. இவ்வுறுதியை நம்பி வங்கிகள் கடன் தந்தன. உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் தத்தம் கூரைகளில் தகடுகளை அமைத்தனர். 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 100 மெகாவாட் அளவிலிருந்த சூரிய மின்திறன், 2012-ஆம் ஆண்டின் இறுதியில் 30,000 மெகாவாட்டைக் கடந்தது. வாங்குவோர் பெருகவே உற்பத்தியும் பெருகியது. தகடுகளின் விலை உலகெங்கும் வீழ்ந்தது. 2023-ஆம் ஆண்டு முதல் வீட்டுக் கூரைத் தகடுகளின் மீதான விற்பனை வரியையும் அந்நாடு முற்றும் நீக்கியது.

இவ்வழியில் குறையே இல்லை என்று கூறுதல் முறையாகாது. உற்பத்தியாளருக்குத் தந்த உயர்ந்த விலை, மின்சாரம் பயன்படுத்தும் அனைவரின் கட்டணத்திலும் சேர்க்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் அக்கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6.88 சென்ட் ஆயிற்று. சொந்த வீடுடையோர் வருவாய் பெற, வாடகைக்குக் குடியிருப்போர் அதன் சுமையைத் தாங்கினர். 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இக்கட்டணம் நீக்கப்பெற்று, செலவை அரசே ஏற்றது. இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. பொதுநன்மைக்கான செலவை அவரவர் வசதிக்கேற்பச் செலுத்தும் வரியிலிருந்து ஈடுசெய்தல் நன்று. ஏழையின் மின்கட்டணத்தில் ஏற்றுதல் நன்றன்று.

சட்டத்தின் மற்றொரு பண்பு உறுதிப்பாடு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெவாடா என்னும் மாநிலம், கூரைத் தகடுகள் அமைத்தோரின் மிகுதி மின்சாரத்தைக் கட்டணத்தில் ஈடுசெய்து வந்தது. 2015-ஆம் ஆண்டு திசம்பரில் அம்மாநில ஆணையம் அவ்வீட்டை வெகுவாகக் குறைத்து, நிலைக்கட்டணத்தையும் உயர்த்தத் தீர்மானித்தது. புதிதாக அமைப்போருக்கு மட்டுமன்றி, பழைய விதியை நம்பி முன்னரே பணம் செலவிட்டோருக்கும் இது பொருந்தும் என்றது. பெரிய நிறுவனங்கள் மாநிலத்தை விட்டு வெளியேறின. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 2016-இல் பழைய பயனாளிகளுக்கு முன்னைய விதி திரும்ப வழங்கப்பட்டது. 2017-இல் புதிய சட்டம் ஒன்று 20 ஆண்டுகளுக்கு உறுதி அளித்தது. அந்நாட்டு நடுவண் அரசும் இதற்கு விலக்கன்று. 2032 வரை தொடரும் என 2022-இல் வாக்களித்த 30 விழுக்காட்டு வரிச்சலுகை, வீடுகளைப் பொறுத்தவரை 2025-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. இருபதாண்டுப் பயனை நாடிச் செலவிடுவோருக்கு, இடையில் மாறும் சட்டம் நடுக்கடலில் ஓட்டையாகும் ஓடத்தை ஒக்கும்.

தமிழ்நாட்டின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. 2019-ஆம் ஆண்டில் இம்மாநில அரசு வெளியிட்ட கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட் சூரிய மின்திறனைப் பெறவும், அதில் நூற்றுக்கு 40 பங்கை நுகர்வோர்வழிப் பெறவும் இலக்கு வகுத்தது. கூரைகள்வழிக் கிடைத்த மின்சாரம் அவ்வளவை நெருங்கவில்லை. இலக்கை எழுதுதல் எளிது. அதற்கு வழி செய்தலே அரிது. 2024-ஆம் ஆண்டில் இந்திய நடுவண் அரசு, ஒரு கோடி வீடுகளைக் கருதி, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் தகடுகளின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவை போற்றத்தக்கன. வருமான வரியில் தரும் சலுகை அவ்வரி செலுத்துவோருக்கே பயன்படும். மானியமும் விற்பனை வரிக் குறைப்பும் கூலித் தொழிலாளிக்கும் பயன்படும்.

ஆயினும் மாநிலம் ஆற்ற வேண்டிய பணி எஞ்சி நிற்கின்றது. மின்நுகர்வின் மீது வரி விதிக்கும் உரிமையை இந்திய அரசியலமைப்பு மாநிலங்களுக்கே வழங்கியுள்ளது. ஆதலின் கூரையில் விளையும் மின்சாரத்திற்கு நெடுங்கால வரிவிலக்கை மாநிலச் சட்டமே அளித்தல் இயலும். வாங்கும் விலையையும் கட்டண விதிகளையும் 20 ஆண்டுகளுக்கு மாறாதவாறு அச்சட்டம் காத்தல் வேண்டும். அடுக்குமாடிகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்வோரை மறத்தல் கூடாது. ஓரிடத்தில் அமைத்த தகடுகளின் மின்சாரத்தைப் பலர் கணக்கிலும் பகிர்ந்து சேர்க்கும் முறைக்குத் தில்லி 2019-இல் விதி வகுத்தது. அம்முறையை ஊராட்சிப் பள்ளியின் கூரையிலும் கையாளலாம். பள்ளிக்குப் போக எஞ்சிய மின்சாரம் ஊரிலுள்ள எளியோர் கணக்கில் சேரலாம்.

கதிரவன் மாடமாளிகைக்கும் மண்குடிசைக்கும் வேறுபாடின்றி ஒளி வழங்குகின்றான். அவ்வொளியால் விளையும் பயனும் அவ்வாறே அனைவரையும் அடைதல் வேண்டும். அதற்கு வழி செய்வது நடுநிலையும் உறுதியும் வாய்ந்த சட்டமேயாகும். அத்தகைய சட்டத்தை இயற்றுதல் அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் மக்களின் கடமை.