சிங்கம் முதல்ல உட்கார்ந்தது ரம்பத்துல! கார் முத்திரைக்கு நீங்க எவ்வளவு கொடுக்கலாம்?

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவங்க பொங்கலுக்கு ஊருக்கு வந்தா, ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "என்ன மாப்ள, இன்னும் பஸ்லதான் வர்றியா?" ரீல்ஸ்ல கூமாப்பட்டி வைரலானதுக்கு அப்புறம் வெளியூர் கார்களும் நிறைய வர ஆரம்பிச்சதால, இந்தக் கேள்விக்கு இப்போ காரம் கூடிப்போச்சு. "வாங்கினா கெத்தா ஒரு வண்டி வாங்கணும்"னு மனசுல ஒரு முத்திரை உட்கார்ந்துடும்.

அந்த முத்திரைகள் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் லோன் பத்திப் பேசலாம்.

முதல்ல பெஜோ. இந்த பிரெஞ்சு குடும்பம் கார் செய்யறதுக்கு முன்னாடி இரும்புப் பட்டறை நடத்தி ரம்பம் செஞ்சு வித்தாங்க. சிங்கத்தோட பல் மாதிரி உறுதி, முதுகுத்தண்டு மாதிரி வளைவு, பாய்ச்சல் மாதிரி வேகம். தரமான ரம்பத்துக்கு அடையாளமாத்தான் சிங்கத்தை வச்சாங்க. 1858-ல அதைப் பதிவும் பண்ணிட்டாங்க. அவங்க முதல் கார் வந்தது 1889-ல. அதாவது சிங்கம் முதல்ல ஒரு தரச் சான்று. நம்ம ஊர் அக்மார்க் முத்திரை மாதிரி.

அடுத்து ஃபெராரி குதிரை. அது முதல் உலகப்போர்ல இறந்துபோன இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்காவோட விமானத்துல இருந்த சின்னம். 1923-ல ரேஸ் ஜெயிச்ச என்ஸோ ஃபெராரிகிட்ட, "இதை உங்க கார்ல போட்டுக்கோங்க, அதிர்ஷ்டம் வரும்"னு சொன்னது அந்த விமானியோட அம்மா. ஃபெராரியை பணக்காரர்னு நினைச்சு இல்ல, ரேஸ் ஜெயிச்சவர்ங்கிறதால கொடுத்தாங்க.

லம்போர்கினி காளைக்கு வருவோம். ஃபெருச்சியோ லம்போர்கினி பிறந்தது 1916 ஏப்ரல் 28. ராசி ரிஷபம், அதனால காளை. ஆனா நம்ம கவனிக்க வேண்டியது வேற. அவர் 1948-ல ட்ராக்டர் கம்பெனி ஆரம்பிச்சு, அதுல சம்பாதிச்ச பிறகுதான் 1963-ல ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி தொடங்கினார்.

இந்த மூணு கதையிலயும் வரிசை ஒண்ணுதான்: முதல்ல உழைப்பு, அப்புறம் சின்னம். நாம அதைத் தலைகீழா பண்றோம். சின்னத்தை முதல்ல வாங்கிட்டு, 7 வருஷம் உழைச்சு அடைக்கிறோம்.

சரி, மிருகப் பேர் இருந்தாலே வண்டி நிலைச்சிடுமா? சென்னைப் பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு காரை மாத்தி, 1972-ல 'கெஸல்'னு மான் பேர்ல ஒரு கார் விட்டாங்க. சில வருஷத்துலயே அது நின்னுபோச்சு. எந்த மிருகமும் இல்லாம, 'தூதர்'னு அர்த்தம் வர்ற அம்பாசடர் 2014 வரைக்கும் ஓடுச்சு. 2017-ல அந்த அம்பாசடர் பேரை 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கினது யார் தெரியுமா? சிங்கம் வச்ச அதே பெஜோ!

இதுல இருந்து தெரியறது என்ன? முத்திரைக்கு மதிப்பு நிச்சயம் உண்டு. ஆனா அந்த மதிப்பு கம்பெனியோட கணக்குல இருக்கு, உங்க கணக்குல இல்ல. உங்ககிட்ட இருக்கறது வருஷா வருஷம் விலை குறையற ஒரு வண்டி மட்டும்தான்.

கணக்கா பார்ப்போம். உங்க தேவைக்குப் போதுமான காரை விட, முத்திரைக்காக மட்டும் 4 லட்சம் கூடுதலா லோன் போடறீங்கன்னு வைங்க. வட்டி 9%, 7 வருஷம்.

• இஎம்ஐ-ல கூடுறது: மாசம் சுமார் 6,440 ரூபாய்
• 5 வருஷத்துல கட்டியிருப்பது: சுமார் 3.86 லட்சம்
• அப்பவும் பாக்கி இருக்கும் அசல்: சுமார் 1.4 லட்சம்
• 5-வது வருஷத்துல இன்சூரன்ஸ் கணக்குப்படி (ஐடிவி) கழிவு: 50%, அதாவது அந்த 4 லட்சம் இப்போ 2 லட்சம்

இன்சூரன்ஸ் கம்பெனி கழிவு போடும்போது சிங்கம், குதிரைன்னு பார்த்துச் சலுகை கொடுக்காது.

"பழைய ஃபெராரி கோடிக்கணக்குல போகுதே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 1962-ஆம் வருஷ 250 ஜிடிஓ ஒண்ணு 2018-ல 4.84 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. ஆனா அந்த மாடல்ல உலகத்துல இருக்கறதே நாற்பதுக்கும் குறைவு. நீங்க வாங்கற மாடல் மாசத்துக்கு ஆயிரக்கணக்குல வெளிய வருது.

இன்னொரு பொறி, செகண்ட் ஹேண்ட் ஜாகுவார். புது எஸ்யூவி விலைக்கே கிடைக்குதேன்னு ஆசை வரும். வண்டி விலைதான் பாதிக்கும் கீழ இறங்கியிருக்கு. உதிரி பாகமும் சர்வீஸும் சொகுசு கார் விலையிலயே நிக்குது. வாங்கறது சுலபம், வச்சுக்கறதுதான் கஷ்டம்.

கெத்தான காரே வேண்டாம்னு நான் சொல்ல வரல. கூடுதல் பணம் ஏர்பேக், நல்ல பிரேக், கிராஷ் டெஸ்ட் ரேட்டிங்குக்குப் போனா தாராளமா கொடுங்க, அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு, மாசாமாசம் முதலீடு, இந்த மூணும் ஓடிக்கிட்டு இருந்தா, ஆசைப்பட்ட முத்திரையையே வாங்குங்க. அப்போ அது நீங்க சம்பாதிச்ச சின்னம்.

அதுவரைக்கும் ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ரெண்டு விலை எழுதுங்க: தேவைக்கான கார் என்ன விலை, ஆசைப்பட்ட கார் என்ன விலை. வித்தியாசத்துக்கு மட்டும் இஎம்ஐ போட்டுப் பாருங்க. அந்தத் தொகையை மூணு மாசம் தனியா ஒரு ஆர்டி-ல கட்டிப் பாருங்க. மூச்சு முட்டலைன்னா புக் பண்ணலாம். முட்டினா, இந்தப் பொங்கலுக்கும் பஸ்லயே வாங்க. மாப்ள கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், இஎம்ஐ-யை அவர் கட்டப் போறதில்லையே!