இருளைக் காணும் கண்

மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை மலையேறும் கண்டி வீதியில் இரவில் வண்டி செலுத்துவோர், விளக்கொளியின் எல்லையே தம் பார்வையின் எல்லை என்பதை அறிவர். வளைவில் ஒளி நேரே பாயும், பாதையோ திரும்பிவிடும்.

அவ்வெல்லையை விரிக்க விஞ்ஞானம் புதுக்கண் ஒன்றைப் படைத்துள்ளது. உயிருள்ள உடல் தன் வெப்பத்தைச் செந்நிறக்கீழ்க் கதிராக வெளிவிடுகிறது. கமரா அதனை உணர்ந்து சாரதிக்கு உருவமாகக் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டின் கடிலாக் காரில் இவ்வசதி முதன்முதலாக இடம்பெற்றது. எதிரே வரும் லொறியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தாலும், ஓரத்தில் நடப்பவர் அதில் தெரிவார்.

போற்றத்தக்க சாதனமே, ஆயினும் விலையுயர்ந்த வண்டிக்கே உரியது. லயத்துக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளரைப் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் அன்றோ கடந்து செல்கின்றன? அச்சாரதிகளுக்கும் அவர் தெரிய வேண்டாமா?

வழி உண்டு. 1934இல் இங்கிலாந்தில் பேர்ஸி ஷா உருவாக்கிய ‘பூனைக் கண்’, தன்மீது விழும் விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பி வீதியைக் காட்டுகிறது. அவ்வாறே ஒளியைத் திருப்பும் பட்டியொன்றை நடப்பவர் அணிந்தால், எந்த வண்டியின் விளக்கிலும் அவர் தெரிவார்.

செலவும் சிறிது. தோட்ட நிர்வாகங்கள் அதனை வழங்கட்டும். சாரதிகள் வளைவில் வேகம் தணிக்கட்டும். காரைப் பார்க்க வைத்த அறிவு, நடப்பவரையும் காக்கவேண்டும்.