மோப்பத்துக்குக் கண் இல்லை

ஆம்பூர், பேரணாம்பட்டுக் காட்டோரங்களில் அவுட்டுக்காய் என்றால் எல்லோருக்கும் தெரியும். கொழுப்பிலோ பழத்திலோ வெடிமருந்தைப் பொதிந்து பன்றித் தடத்தில் வைப்பார்கள். வாசனைக்கு வந்து கடித்தால் தாடை சிதறும்.

"கடலையெல்லாம் போகிறதே!" என்கிறார்கள். போகிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் மோப்பம் பிடித்து வருவது பன்றி மட்டுமா? நாய் வரும், மேயப் போன பசு வரும். 2020 மே மாதம் பாலக்காட்டில் சூல்கொண்ட யானையொன்று வெடி வைத்த பழத்தால் வாய் புண்ணாகி, தின்ன முடியாமல், ஆற்றில் நின்றபடியே செத்தது.

2025 ஜனவரியில் நம் அரசு, காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்றது. 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. அந்த ஒரு கிலோமீட்டர்க் குடியானவனுக்கு வேலியும் நஷ்டஈடும் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். வெடியை வைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குவதை மட்டும் வேட்டை என்று சொல்லாதீர்கள்.