மானமும் தன்மதிப்பும்

இலால்குடி என்னும் பெயரை நாள்தோறும் சொல்லும் வாய்கள் பல்லாயிரம். அப்பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்டால் விடையிறுப்பார் மிகச் சிலரே. திருத்தவத்துறை என்பது அவ்வூரின் பழம்பெயர். வடக்கிருந்து வந்த படைத்தலைவன் ஒருவன், தொலைவில் நின்ற செந்நிறக் கோபுரத்தைக் கண்டு, தன் மொழியில் 'சிவப்புக் கோயில்' எனச் சுட்டினான் என்றும், அச்சுட்டே ஊர்ப்பெயராய் ஒட்டிக்கொண்டது என்றும் மக்கள் கதை வழங்குவர். கதை மெய்யாயினும் ஆகுக, பொய்யாயினும் ஆகுக. வழியே போனவன் வைத்த பெயரை ஊரே தன் பெயராக ஏற்றுக்கொண்டது என்று நம்ப நமக்குச் சிறிதும் தடையில்லை என்பதே இக்கதையில் நாம் கருதத்தக்கது. (அப்பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கி, பிடில் இசையால் உலகை வலம்வந்தார் செயராமன். ஊருக்கு அது பெருமையே. ஆயின் அஃது அவர் ஈட்டித் தந்தது, பெயர் தந்ததன்று.)

ஊருக்கு நேர்ந்தது ஒருவனுக்கு நேர்ந்தால் என்னாகும்? தன்னைப் பற்றி ஒருவன் கொண்டுள்ள மதிப்பீடு அவனே ஆய்ந்து கண்டதா? பிறன் ஒருவன் போகிற போக்கில் இட்டுச் சென்றதா? உளவியலார் இன்று பெரிதும் பேசுகின்ற தன்மதிப்பு என்னும் பொருள் இவ்வினாவில்தான் தொடங்குகின்றது.

தமிழர்க்கு இது புதிய பொருளன்று என்று நம்மவர் உடனே மார்தட்டுவர். திருக்குறளில் மானம் என்று தனியோர் அதிகாரமே, 97ஆம் அதிகாரமாக, உள்ளதன்றோ என்பர். உள்ளது, மறுப்பாரில்லை. ஆனால் அம் மானத்தை நாம் என்னவாக ஆக்கி வைத்திருக்கின்றோம்? மகள் தான் விரும்பியவனை மணந்தால் மானம் போயிற்று என்கிறோம். மகன் தேர்வில் தவறினால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்கிறோம். இவ்விரண்டிலும் போனது யாருடைய மானம்? அண்டை வீட்டான் கண்ணில் நமக்கிருந்த விலை குறைந்தது, அவ்வளவே. பிறன் கண்ணில் இருக்கும் பொருளைத் தன் நெஞ்சில் இருப்பதாக எண்ணி மயங்குகின்றவன், அது குறையுந்தோறும் தன்னையோ பிறரையோ அழிக்கத் துணிகின்றான். பெற்ற மகளைக் கொன்ற கொடுமைக்கு நாளேடுகள் நெடுநாள் 'கௌரவக் கொலை' என்றே பெயரிட்டு வந்தன. பின்னரே ஆணவக் கொலை என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. ஒரு சொல்லை மாற்றினால் என்ன வந்துவிடும் என்று நம்மை எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். முன்னைய சொல் கொன்றவனுக்குப் பெருமை சேர்த்தது. பின்னைய சொல் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

மேலையர் இதனை எவ்வாறு அளந்தனர் என்று காண்போம். அமெரிக்க உளவியலார் வில்லியம் சேம்சு 1890இல் ஒரு வாய்பாடு தந்தார். ஒருவன் எய்திய வெற்றியை அவன் எய்த விழைந்தவற்றால் வகுத்து வருவதே தன்மதிப்பு என்றார். வெற்றியைப் பெருக்கியும் அதனை உயர்த்தலாம்; விழைவைக் குறைத்தும் உயர்த்தலாம். இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. அவ்விழைவை வகுத்தவன் யார்? மருத்துவனாகாவிடில் நீ ஒன்றுமில்லை என்று பதினேழு அகவைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், வகுக்கும் எண்ணை நாமே வானளவு ஏற்றிவிடுகின்றோம். பின்பு அப்பிள்ளை எவ்வளவு ஈட்டினாலும் விடை சுழியை ஒட்டியே நிற்கும்.

1965இல் மாரிசு உரோசன்பர்கு என்பார், நியூயார்க்கு மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரை ஆய்ந்து நூலொன்று வெளியிட்டார். அவர் அமைத்த பத்துக் கூற்றுகளே இன்றும் உலகெங்கும் தன்மதிப்பை அளக்கும் கோலாக வழங்குகின்றன. அவர் காட்டிய வேறுபாடு ஒன்று நம் நாட்டுக்கென்றே சொன்னது போலிருக்கின்றது. தன்மதிப்புடையவன் தன்னைப் பிறரினும் மேலானவன் என்று எண்ணுவதில்லை. தான் தகுதியுடையவன், தன் அளவில் குறைவற்றவன் என்றே எண்ணுகின்றான். மேலானவன் என்று எண்ணுதற்குக் கீழே ஒருவன் வேண்டும். தகுதியுடையவன் என்று எண்ணுதற்கு எவனும் கீழே கிடக்க வேண்டுவதில்லை. சாதிச் செருக்குக்கும் தன்மதிப்புக்கும் இடையிலுள்ள மலையளவு வேறுபாடு இதுதான்.

தாழ்த்தப்பட்ட மக்களின் உள்ளம் என்னாகும் என்பதையும் அவர்கள் ஆராயாமல் விடவில்லை. கிளார்க்கு இணையர், தாமே கருப்பினத்தவர், கருப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பாவையையும் கருப்புப் பாவையையும் காட்டி எது நல்லது என வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது இவ்வாய்வும் சுட்டப்பெற்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இழிவுபடுத்தப்பட்டோர் எல்லாரும் தம்மை இழிவாகவே எண்ணுவர் என்பது பொருந்தாது என்று 1989இல் கிராக்கர், மேசர் என்னும் இரு பெண் ஆய்வாளர் எழுதினர். தனக்கு நேர்ந்தது தன் குறையால் அன்று, எதிரியின் ஓரவஞ்சனையால் என்று அறிந்தவன் நெஞ்சு உடைவதில்லை. தன் கூட்டத்தாரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்பவனும் குலைவதில்லை என்று அவர்கள் காட்டினர்.

இதனை ஏட்டில் எழுதுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் செய்து பார்த்துவிட்டனர். 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கம் தனக்குச் சுயமரியாதை என்னும் வடசொற்பெயரை இட்டுக்கொண்டது நமக்கு உடன்பாடன்று. எனினும் அது செய்த வேலை தமிழனின் நெஞ்சுக்குள் இறங்கிச் செய்த வேலை. நீ கீழானவன் அல்லன், உன்னைக் கீழானவன் என்று எழுதி வைத்தவனே பொய்யன் என்று அது ஊர்தோறும் மேடையிட்டுச் சொல்லிற்று. பழியைப் பாதிக்கப்பட்டவன் தோளிலிருந்து எடுத்து, உரியவன் தோளில் வைத்தது. 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாநில மாநாட்டில், பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தனர். வட இந்தியன் ஒருவன் பெயரைக் கேட்டவுடன் அவன் குலம் தெரிகின்றது. தமிழன் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் தெரிவதில்லை. இந்நிலை தானாக வந்ததன்று.

இலால்குடி வட்டாரம் இவ்வரலாற்றில் ஓர் ஓரத்தில் நின்றதன்று. சாதியைக் காக்கும் பகுதிகளை எதிர்த்து 1957 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் சட்டத்தாள்களை எரித்தபோது, இவ்வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து உழவரும் கூலியாளரும் அணியணியாகச் சிறை புகுந்தனர். மூன்றாண்டுத் தண்டனை வரும் என்று அறிந்தே புகுந்தனர், வழக்காடவும் மறுத்தனர். அடுத்த ஆண்டு திருச்சிச் சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் உயிர் நீத்தனர். சட்டத்தை எரித்தது சரியா என்று வாதிடுவோர் வாதிடட்டும். நாம் இங்குக் கருதுவது வேறு. ஊர்ப்பெரியவன் முன்னே துண்டை அக்குளில் இடுக்கிப் பழகிய மனிதன், நீதிபதி முன்னே நிமிர்ந்து நின்று 'ஆம், எரித்தேன்' என்று சொன்ன அந்த நொடியில் அவனுள் நிகழ்ந்ததே தன்மதிப்பு. அதற்கு அவனுக்குப் பட்டறிவுண்டு, பட்டம் இல்லை.

ஆனால் ஒரு கசப்பையும் விழுங்கத்தான் வேண்டும். மேலிருந்தவன் முன் நிமிர்ந்தவர்களில் எத்தனை பேர் தமக்குக் கீழே வைக்கப்பட்டவனை நிமிரவிட்டனர்? தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை எந்த வெள்ளையனும் கொண்டுவந்ததன்று. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சக மாணவரே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பெற்ற நீதிநாயகம் சந்துரு குழு 2024 சூனில் அரசுக்குத் தந்த அறிக்கையில், மாணவர் கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்குமாறு பரிந்துரைத்தது. அக்கயிறு என்ன சொல்கின்றது? நான் இன்னாரினும் மேலானவன் என்கின்றது. உரோசன்பர்கின் கோலால் அளந்தால் அது தன்மதிப்பு அன்று. தன்மதிப்பு இல்லாத வெற்றிடத்தைக் கட்டி மறைக்கும் நூல்.

அவ்வாறாயின் பிள்ளைகளைப் புகழ்ந்து தள்ளினால் போதுமா? கலிபோர்னியா மாநிலம் அதனையும் செய்து பார்த்தது. 1986இல் தன்மதிப்பை வளர்க்கவென்றே ஓர் அரசுக் குழுவை அமைத்தது. 1990இல் அறிக்கையும் வந்தது. தன்மதிப்பு ஓங்கினால் குற்றமும் குடியும் குறையும் என்று நம்பினர். 2003இல் பௌமைசுடர் முதலிய நால்வர் இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று மெலிந்திருந்தது; நன்றாகக் கற்றதனால் தன்மதிப்பு உயர்ந்ததற்கே சான்று மிகுந்திருந்தது. 'நீ ஆயிரத்தில் ஒருவன்' என்று வெறுங்கையால் தட்டிக் கொடுப்பதனினும், அரை மணி நேரம் அருகிலிருந்து கணக்கொன்றைப் போட வைப்பது மேல்.

நம் இதழன்பர்களுள் ஆசிரியர் பலர். ஆதலின் இதனைச் சொல்கின்றோம். சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் பயின்று திருச்சிக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, முதல் கிழமையிலேயே வாய் மூடிக்கொள்கின்றது. ஆங்கிலம் தடுமாறுவதால் அறிவே தடுமாறுவதாக எண்ணிக்கொள்கின்றது. இவ்வெண்ணத்தை உடைக்கும் வழி, அதற்கு ஆங்கிலம் கற்பிக்காமலிருப்பதன்று, நன்றாகவே கற்பியுங்கள். கற்பிக்கும்போது, மொழியறிவு வேறு, அறிவு வேறு என்பதையும், முதல் தலைமுறையாய்க் கற்பவர்க்கு ஏற்படும் இடர் குறைபாடன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகைப் பதிவில் பெயரைத் தமிழில், தமிழ் முன்னெழுத்தோடு எழுதுங்கள். அரசே 2021இல் ஆணையிட்டுள்ளது.

இன்னொன்று. உள்ளம் நொந்தவர்க்கு வழிகாட்டுவோரைத் தமிழ்நாட்டில் ஆற்றுப்படுத்துநர் என்றும், அப்பணியை ஈழத்தில் உளவளத்துணை என்றும் வழங்குகின்றனர். இரண்டும் நல்ல சொற்கள். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வாடி வருபவனை நிறுத்தி, நான் இவ்வழியே சென்றேன், நீயும் செல் என்பதே ஆற்றுப்படை. அவன் அறிவுரை கூறவில்லை, இரங்கவுமில்லை. தானும் பசித்தவன் என்பதை மறைக்கவுமில்லை. அத்தகைய ஒருவரிடம் பேசுவது மானக்கேடு என்று எண்ணியே நம் பிள்ளைகள் பலர் வாய் திறவாமல் மாய்கின்றனர்.

2022இலிருந்து 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இலால்குடி வட்டத்து அன்பர்கள் இவ்வெண்ணைத் தத்தம் ஊர்ப் பள்ளிச் சுவரில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், எழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம். தேர்வு முடிவுகள் வரும் கிழமைக்கு முன்பே அது எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.