தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று உறுதியானது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நோயாளி உள்ளறையில் படுத்திருப்பார். மனைவியோ மகனோ கூடத்தில், செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கொரு தரம் அவரை எழுப்பி, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண் 94-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறையக்கூடிய நோய் என்பதால், தூங்குகிறவரைத் தூங்கவிடவே பயமாக இருந்தது. நோயாளி தேறினார். ஆக்சிமீட்டர் அலமாரிக்குள் போய்விட்டது. நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கப் பழகிய உடம்பு மட்டும் பல வீடுகளில் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு அதே நிறுவனம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே பதற்ற நோயும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவிகிதம் கூடின. இளைஞர்களும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். முதல் அறிவிப்பைக் கொண்டாடிய நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம்.

நம் நாட்டில் இந்தச் சுமை வெளியே தெரிவதே அரிது. 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 சதவிகிதத்துக்கும் அதிகமானோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. கொரோனாவுக்கு முந்தைய நிலை அது. மருத்துவர்கள் போதாது என்பது ஒரு காரணம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் போகிறார்கள்? ஆனால், முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு எழும்போது, ‘ராத்திரி தூக்கமே வர்றதில்லை டாக்டர்’ என்று தயங்காமல் சொல்வார்கள். அதைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை. மனநோயைத் தேடிப் பிடிக்க இதைவிட நல்ல வாசல் நமக்கு இல்லை என்பதே எங்கள் கருத்து. தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டுமல்ல. நீண்ட நாள் தூக்கமில்லாதவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஊரடங்கு வந்தபோது, ‘வீட்டில்தானே இருக்கிறோம், நிம்மதியாகத் தூங்கலாம்’ என்று பலர் நினைத்தார்கள். 2020 மார்ச், ஏப்ரலில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி மக்களிடம் கேட்ட ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். தூங்கிய நேரம் கொஞ்சம் கூடியிருந்தது. தூக்கத்தின் தரம் குறைந்திருந்தது. நம் வீடுகளிலும் இதற்கான சூழல் அப்படியே இருந்தது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அன்றைய நாளைச் சரியாகத் தொடங்கும். வெளியே போகாதவர்களுக்கு அந்த வெளிச்சம் இல்லை. லேப்டாப் கட்டிலுக்கே வந்துவிட்டது. மதியம் ஒரு தூக்கம், இரவில் டி.வி-யில் சாவுக் கணக்கு.

இதெல்லாம் மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தவர்களின் கதை. மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்த பெண்களின் இரவு வேறு. கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அறிவித்த ஆறு மாதச் சலுகை 2020 ஆகஸ்ட் 31-ம் தேதியோடு முடிந்தது. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலை திரும்பி வருவதற்குள் வசூல்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் போன பிறகு அந்தப் பெண்ணிடம், ‘காலையில் வெயிலில் நடங்கள், நன்றாகத் தூக்கம் வரும்’ என்று சொல்வது மருத்துவமல்ல, கொடுமை. பணக்கவலையால் வரும் தூக்கமின்மைக்கு அரசின் கடன் கொள்கையும் ஒரு மருந்துதான்.

சாவு நடந்த வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியதை மறக்க முடியாது. அந்த அளவுக்குப் போகாத இடங்களிலும், சுற்றிக் கட்டிய உடல். முகம்கூடச் சரியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. சுடுகாட்டுக்கு நாலைந்து பேர். நம் ஊர்களில் சாவு விழுந்த வீட்டை இரவில் தனியாக விடுவதில்லை. அத்தையும் சித்தியும் பெரியப்பாவும் காரியம் முடியும்வரை கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். நடுராத்திரியில் விழித்து அழுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு குரல் இருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் கணவனையோ தாயையோ பறிகொடுத்தவர்களுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை. சோதனை முடிவுக்குக் காத்துக்கொண்டு தனியறையில் கிடந்தபடி துக்கம் காத்தவர்கள் அவர்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர்களில் சிலருக்கு உறக்கம் கூடவில்லை என்றால், அதை அவர்களின் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

காரணம் நீங்கிய பிறகும் தூக்கம் ஏன் திரும்பவில்லை? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களிலேயே இதற்கு விளக்கம் தந்தார். தூக்கம் எளிதில் கெடும்படி இயல்பிலேயே சிலருக்கு உள்ள நாட்டம் ஒன்று. தூக்கத்தைக் கலைத்த சம்பவம் இரண்டாவது. அதைச் சமாளிக்க நாம் பழகிக்கொள்ளும் வழக்கங்கள் மூன்றாவது. சம்பவம் போய்விடும், வழக்கங்கள் தங்கிவிடும். விட்ட தூக்கத்தைப் பிடிக்க எட்டு மணிக்கே படுப்பது, புரண்டுகொண்டே மணி பார்ப்பது, பகலில் ஈடுகட்டுவது. நாளடைவில் கட்டில் என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது.

பலர் மாத்திரையைத் தேடுகிறார்கள். அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. வாங்கியவர் விவரத்தை மருந்துக்கடை பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். ‘எனக்குக் கொடுத்ததுதான், பாதி போட்டுக்கோங்க’ என்று அக்கம்பக்கத்தில் கைமாறுவதை எந்தப் பதிவேடும் பிடிக்காது. குடித்தால் தூக்கம் வரும் என்பதும் பாதி உண்மைதான். முன்னிரவில் அசத்தும், பின்னிரவில் கலைத்துவிடும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுப்பது, சுமார் இருபது நிமிடமாகியும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை முதலில் சுருக்கிப் பிறகு மெல்லக் கூட்டுவது. இதன் முக்கியப் பகுதியை இங்கிலாந்தில் செவிலியர்களே கற்றுக்கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு 2023-ல் லான்செட் இதழில் வெளியானது. நம் செவிலியர்களால் முடியாதா என்ன?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வாசல்வரை போகிற அந்த ஊழியரின் கையில் இரண்டே கேள்விகளைக் கொடுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெடுகிறதா? மூன்று மாதமாக இப்படி இருக்கிறதா? ஆம் என்பவரை மனநலத்துக்குப் பயிற்சி பெற்ற செவிலியரிடமும், தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமும் சேர்க்க வேண்டும். புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. பயிற்சிக்கும் கூடுதல் ஊழியர்களுக்கும் பணம் வேண்டும். அதைச் சுகாதாரத் துறை ஒதுக்கியே ஆக வேண்டும்.

தூக்கமின்மையோடு வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணமும் வருகிறவர்கள் மட்டும் இந்த மூன்று மாதக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அன்று இரவே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.